அடிச்சுவடு யாருடையது?

உண்ணும் சோறும், உடுக்கும் துணியும், ஏறும் ஊர்தியும், எரிக்கும் விளக்கும் மண்ணகத்தில் எவ்வளவு இடத்தைக் கேட்கின்றன? இதற்கு விடை காண அளவுகோல் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வில்லியம் ரீசும் அவருடைய மாணவர் மாத்திஸ் வாக்கர்நாகலும் வகுத்தது அது. சூழலியல் அடிச்சுவடு என்பது அதன் பெயர். விளைநிலம், மேய்ச்சல் நிலம், மீன் பிடிக்கும் நீர்ப்பரப்பு, கட்டடம் எழுந்த இடம், மரம் தரும் காடு, நாம் கக்கும் கரியமில வாயுவை உறிஞ்சத் தேவையான காடு அத்தனையும் எக்டேர் கணக்கில் கூட்டப்படும்.

கூட்டினால் கிடைப்பது என்ன? மனிதகுலம் ஓராண்டில் செலவிடுவதை ஈடு செய்ய ஏறத்தாழ 1.7 பூமிகள் வேண்டும்! அனைவரும் அமெரிக்கரைப் போல் வாழ்ந்தால் ஏறக்குறைய 5 பூமிகள்! சராசரி இந்தியரைப் போல் வாழ்ந்தால் ஒரே பூமிக்குள் அடங்கிவிடும்.

அளப்பதை நாம் வரவேற்கிறோம். விதியென்று வாளாவிராமல் எண்ணிப் பார்ப்பதுதானே பகுத்தறிவு! ஆனால், யார் இந்தச் சராசரி இந்தியர்? குளிரூட்டிய மாளிகையில் துயில்பவரா, சுள்ளி பொறுக்கி உலை வைக்கும் தாயா? இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் மனிதன் எந்தத் தெருவிலும் இல்லை. 1990 முதல் 2015 வரை உலகில் வெளியான கரியமில வாயுவில் பாதிக்கு மேல், செல்வத்தில் முதல் 10 விழுக்காட்டினர் வெளியிட்டது. ஏழைகளான பாதிப் பேரின் பங்கு 7 விழுக்காடு என்று 2020இல் ஆக்ஸ்பாம் அமைப்பு கணக்கிட்டது.

இன்னொன்றும் கேளீர். 2000களின் நடுவில், 'உன் கரிச்சுவட்டை நீயே கணக்கிடு' என்று விளம்பரம் செய்து பரப்பியது யார்? பி.பி. என்னும் எண்ணெய் நிறுவனம்! எண்ணெய் எடுப்பவர் கையில் அளவுகோல். வாங்கி எரிப்பவர் தலையில் பழி!

அதனால் நமக்குப் பொறுப்பில்லை என்போமா? இல்லை. குற்றவாளி பெரியவன் என்பதாலேயே நாம் குற்றமற்றவராகிவிட மாட்டோம். மின்விசிறி போதுமான அறையில் குளிர்ச்சாதனம் எதற்கு என்று நம்மை நாமே கேட்கத்தான் வேண்டும். ஆனால், தேவையே நிறைவேறாதவனிடம் தேவையைக் குறை என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. பேருந்தே வராத ஊரில் வண்டியை விடு என்பது வெறும் உபதேசம். பேருந்து விடு என்று அரசைக் கேட்பதே அறம்.

எனவே தோழர்களே, அளவுகோலை எறிய வேண்டாம். முதலில் நம் வீட்டை அளப்போம். அதே கோலுடன் மாளிகை வாயிலுக்கும் ஆலை வாயிலுக்கும் செல்வோம். பூமி ஒன்றே, அளவும் அனைவர்க்கும் ஒன்றாகட்டும்!