சுவரும் சார்பும்

ஒரு பொருளின் சுபாவத்தை அறிய அதைத் தனியே நிறுத்திப் பார்த்தால் போதும் என்று நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். ஆனால் தனித்து விளங்கும் ஆன்மா என்று ஒன்றில்லை என்பதும், எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகவே அது ஆகிவிடும் என்பதும் சைவ சித்தாந்திகளின் துணிபு. நொய்யற்கரைப் பேரூரில் பட்டீசுவரரைத் தொழுது வளர்ந்த கொங்கு நாட்டாருக்கு இது காதில் விழுந்து பழகிய சங்கதி. பழகியதாலேயே கூர்மை மழுங்கிப்போன சங்கதியுங்கூட. அதை எனக்கு மறுபடியும் தீட்டிக் கொடுத்தது, புரதங்களைப் பிரிக்கும் ஒரு நுண்குழாய்.

சிலிக்காவினாலான அக்குழாயின் உள்விட்டம் பெரும்பாலும் 50 மைக்ரான்; ஒரு தலைமயிரின் பருமன். அதில் கரைசலை நிரப்பி, இரு முனைகளுக்கிடையே 20,000, 30,000 வோல்ட் என்று மின்னழுத்தம் கொடுத்தால், புரதங்கள் தத்தம் மின்னூட்டத்துக்கும் பருமனுக்கும் ஏற்ற வேகத்தில் ஓடிப் பிரிய வேண்டும். நடப்பதோ வேறு. சிலிக்காச் சுவர் கரைசலில் எதிர்மின்னூட்டம் பெற்றுவிடுவதால், நேர்மின்னூட்டமுள்ள புரதங்கள் அதில் ஒட்டி, சில பின்தங்கி, சில வந்து சேராமலே போய், கூரிய சிகரமாகப் பதிவாக வேண்டியது வால் நீண்ட மேடாகிவிடுகிறது. போதாக்குறைக்கு அந்தச் சுவரின் மின்னூட்டமே திரவம் முழுவதையும் ஒரு பக்கமாக ஓடச் செய்கிறது. புரதத்தின் குணமென்று ஆராய்பவர் எழுதிவைப்பதில் ஒரு பங்கு சுவரின் குணம். மின்புலத்தில் புரதங்களைப் பிரிக்கும் முறைக்காக 1948இல் நோபல் பரிசு பெற்ற டிசேலியஸின் மாணவரான யெர்டேன், 1985இல், பாலிஅக்ரிலமைடு என்னும் பலபடிப் பொருளை மெல்லிய படலமாகச் சுவரோடு பிணைத்துவிடும் வழியை வெளியிட்டார். ஒட்டலும் ஓடலும் பெரிதும் அடங்கின.

அவர் சுவரை நீக்கவில்லை என்பதுதான் என் மனத்தைக் கவர்ந்தது. பற்றறுத்தல் என்றவுடன் யாதொரு சம்பந்தமுமில்லாத வெட்டவெளியைக் கற்பனை செய்கிறவர்கள் உண்டு. ஆனால் ஆன்மா ஆணவ மலத்தோடு மட்டும் கிடக்கும் கேவலாவஸ்தையைச் சித்தாந்தம் முத்தியென்று கொண்டாடாமல், அறிவு சிறிதும் தொழிற்படாத இருள் என்றே சொல்லுகிறது. பாசமென்னும் கட்டைச் சார்ந்திருந்த ஆன்மா பதியாகிய இறைவனைச் சார்வதே வீடு. உவமை இங்கே முறிந்துவிடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: புரதம் படலத்தைச் சார்வதில்லை, கடந்து போகிறது, அதற்கு இச்சையுமில்லை, அருளும் வேண்டியதில்லை.

இது வெறும் தத்துவ விசாரமன்று. கோயமுத்தூருக்கு வடமேற்கே எழும் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952இல் வெளியிட்டார்கள். இக்கூறுடையவர்களின் குருதியில் ஹீமோகுளோபின் என்னும் புரதத்தின் பீட்டாச் சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் அமர்கிறது, மின்னூட்டம் மாறுகிறது, அதனால் மின்புலத்தில் இயல்பான ஹீமோகுளோபினும் மாறியதும் பிரிந்து தெரிகின்றன. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இது வந்தால் கொடிய மலேரியாவுக்கு எதிரான காப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் எலும்பைக் குடையும் வலி. ஒரே மாற்றம், சார்ந்த துணைக்கேற்பக் காப்பாகவும் பிணியாகவும் நிற்கிறது. இதைக் கண்டு, “அவர்கள் செய்த வினை” என்று ஒரு சமூகத்தையே சுட்டிப் பேசுகிறவர்கள், தங்கள் சுவரில் ஒட்டியதை அவர்கள் குணமென்று வாசிக்கிறார்கள். பரிசோதனைத் தாளில் மாறிய ஹீமோகுளோபினை ‘எஸ்’ என்று குறித்த சிகரம் சொல்வது இவ்வளவே: இதே கூறுடைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.