பில்போ ஏன் வெட்டவில்லை?

டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலை நான் படித்தது கல்லூரி இரண்டாம் ஆண்டில், பத்தொன்பது வயதில். "சின்னப் பசங்க புக்கை இப்ப எதுக்குடா படிக்கிற?" என்று அறை நண்பன் கேட்டான். டிராகன், குள்ளர்கள், மந்திரவாதி என்று பார்த்தால் அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை.

மலைக்கு அடியில், கும்மிருட்டான சுரங்கத்தில், பில்போ வழி தெரியாமல் தனியாக மாட்டிக்கொள்கிறான். அங்கே ஏரி நடுவே ஒரு பாறையில் வாழும் கோல்லம் அவனைப் பார்த்துவிடுகிறான். இருவரும் விடுகதைப் போட்டி போடுகிறார்கள். பில்போ தோற்றால் கோல்லம் அவனைத் தின்னலாம். ஜெயித்தால் வெளியே போக வழி காட்ட வேண்டும். பில்போ கடைசியாகக் கேட்பது விடுகதையே இல்லை: என் பாக்கெட்டில் என்ன இருக்கிறது? இருந்தது ஒரு மோதிரம். வழியில் கண்டெடுத்தது, கோல்லம் தொலைத்தது. போட்டுக்கொண்டால் ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான். விஷயம் புரிந்ததும் கோல்லம் கொலைவெறியோடு ஓடிவந்து, வெளியே போகும் பாதையை மறித்து உட்கார்ந்துகொள்கிறான். பின்னால் பில்போ, கண்ணுக்குத் தெரியாமல், கையில் வாளோடு. ஒரு வெட்டு போதும்.

வெட்டவில்லை. வெளிச்சம் இல்லாமல், இனி நல்லது நடக்கும் என்ற நினைப்பும் இல்லாமல், இவன் எத்தனை காலம் இப்படிக் கிடந்திருப்பான் என்பது ஒரு கணம் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. கோல்லமின் தலைக்கு மேலே இருட்டில் தாவி ஓடிவிடுகிறான்.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலிலும் இப்படி ஒரு மோதிரம் வருகிறது. லிடியா நாட்டு இடையன் ஒருவன் கையில் அது கிடைக்கிறது. அவன் மறைந்து நின்று செய்வது என்ன? அரசியை வசப்படுத்துகிறான், அரசனைக் கொல்கிறான், நாட்டைப் பிடிக்கிறான். யாரும் பார்க்காவிட்டால் யார்தான் நல்லவனாக இருப்பான் என்பது அந்தக் கதையின் கேள்வி. பார்க்க ஆளில்லாத இடத்தில் பில்போ கையைக் கீழே இறக்கினான். அதற்கான பதில் இதுதான் என்று நான் நினைத்தேன்.

அந்த வருடமே எனக்கும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. விடுதியில் ஒரு பையன் என் பெட்டியிலிருந்து எண்ணூறு ரூபாய் எடுத்ததைக் கண்டுபிடித்தேன். அழுதான். வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னான். வார்டனிடம் போகாமல் விட்டுவிட்டேன். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது, நானும் பில்போதான் என்று. இரண்டு மாதம் கழித்து, முதலாமாண்டுப் பையன் ஒருவன் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை அவனே எடுத்தான். "பாம்புக்குப் பால் வார்த்திருக்க" என்றான் அறை நண்பன். பால் நான் வார்த்தேன், கடி வாங்கியது வேறொருவன்.

அந்தக் கோபத்தோடுதான் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' (1954–55) படித்தேன். அங்கே பில்போவின் இரக்கத்துக்குக் கடைசியில் பலன் கிடைக்கிறது. எரிமலை விளிம்பில் ஃப்ரோடோ மோதிரத்தை எறிய மறுக்கிறான். கோல்லம் அவன் விரலைக் கடித்து, மோதிரத்தோடு தவறி நெருப்பில் விழுகிறான். அன்றைக்கு பில்போ வெட்டியிருந்தால் உலகம் பிழைத்திருக்காது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கோல்லம் தடுக்கி விழாமல் இருந்திருந்தால் பில்போ செய்தது தப்பாகியிருக்குமா? அப்படியென்றால் அவன் நல்லவனா, அதிர்ஷ்டக்காரனா?

தத்துவத்தில் இதற்கு 'அறநெறி அதிர்ஷ்டம்' என்று பெயர். பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் இதைப் பற்றி எழுதினார்கள். நேகல் சொல்லும் உதாரணம்: பிரேக்கைச் சரிபார்க்காமல் லாரி ஓட்டும் ஒருவன். குறுக்கே குழந்தை ஓடிவந்தால் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி, வராவிட்டால் வெறும் அசட்டைக்காரன். அசட்டை இரண்டிலும் ஒன்றுதான். இதைப் படித்ததும் கொஞ்சம் நிம்மதி வந்தது. பில்போவும் நானும் செய்தது ஒன்றேதான், முடிவு மட்டும்தான் வேறு என்று சொல்லிக்கொள்ளலாமே.

ஆனால் அந்த அத்தியாயத்தைத் திரும்பப் படித்தபோது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. 1937இல் வந்த முதல் பதிப்பில் இந்த இரக்கக் காட்சியே கிடையாது. அதில் கோல்லம் தோல்வியை ஒப்புக்கொண்டு, பரிசாகத் தருவதாகச் சொன்ன மோதிரம் காணாமல்போனதற்கு மன்னிப்புக் கேட்டு, பதிலுக்கு வழியும் காட்டி அனுப்பிவைக்கிறான். 1951 பதிப்பில்தான் டோல்கீன் அவனைக் கொலைகாரன் ஆக்கினார். அவன் ஆபத்தானவன் ஆன பிறகுதான் பில்போவின் இரக்கத்துக்கு அர்த்தம் வந்தது. பில்போ அந்த ஆபத்தையும் பார்த்தான், அந்த வாழ்க்கையையும் பார்த்தான்.

நான் இரண்டையும் பார்க்கவில்லை. அவன் அழுகை சீக்கிரம் நின்றால் போதும் என்றிருந்தது. வார்டன், விசாரணை, எழுதிக்கொடுப்பது என்று அலையப் பிடிக்கவில்லை. அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். அவன் மறுபடி எடுக்கக்கூடும் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவனோடு ஒரு மாதம் உட்கார்ந்து பேசியிருப்பேன், மற்றவர்களிடமும் பெட்டியைப் பூட்டிவைக்கச் சொல்லியிருப்பேன்.

ஃப்ரோடோ செய்வது அதைத்தான். கோல்லமைக் கொல்லாமல் விட்டதோடு அவன் நிற்பதில்லை. கூடவே அழைத்துப்போகிறான், சத்தியம் வாங்குகிறான், எல்லோரும் மறந்துபோன ஸ்மேகல் என்ற பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அப்படியும் கோல்லம் துரோகம் செய்து அவனை ராட்சதச் சிலந்தியிடம் மாட்டிவிடுகிறான். இரக்கம் பலிக்கும் என்று ஃப்ரோடோவுக்கும் யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. ஆனால் பலிக்காவிட்டால் முதலில் அடிபடும் இடத்தில் அவனே நின்றான். உயிருக்குத் தப்பி ஓடிய பில்போவுக்கு அதற்கு மேல் செய்ய வழியில்லை. எனக்கு இருந்தது.

முடிவு நம் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தவறினால் யார் நஷ்டப்படுவது என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. என் இரக்கத்தின் செலவை முதலாமாண்டுப் பையனின் கணக்கில் எழுதினேன், அவனைக் கேட்காமலே.

போன மாதம் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டணத்தில் பாதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். "அண்ணா, அவன வார்டன்கிட்ட சொல்லலன்னாலும் பரவால்ல. என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டான்.

சொல்லியிருக்கலாம்.