காத்தவன் பாதம்

பாலம் கட்டுவதும் குளம் வெட்டுவதும் புண்ணியம் என்பதில் எந்த மதத்துக்கும் தகராறு இல்லை. அந்தப் புண்ணியம் யாரைச் சேரும் என்பதில்தான் சிக்கல். பிரான்ஸில் ரோன் ஆற்றங்கரை ஊரான அவிஞோனில் 1177இல் தொடங்கிய பாலம், பெனெசே என்ற இடையனுக்குத் தெய்வ வாக்குக் கிடைத்து எழுந்தது என்பது ஐதீகம். அவரைப் புனிதராக்கினார்கள். வெள்ளம் வளைவுகளை அடித்துக்கொண்டு போகப்போக, செப்பனிட்டுச் சலித்து, 17ஆம் நூற்றாண்டில் பாலத்தையே கைவிட்டார்கள். 22 வளைவுகளில் இன்று நிற்பவை நான்கு. ஹம்பியிலோ துங்கபத்திரைக்குள் விஜயநகரக் காலத்துக் கல்தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. நடக்கத் தளம் இல்லை. கடக்க முடியாத பாலம் யாருக்குப் புண்ணியம் சேர்க்கும்?

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு மழை போனால் மணல். அதைக் கடப்பதைவிட அதன் நீரைத் தேக்குவதே பெரும்பாடு. ஆகவே இங்கே தர்மம் என்றால் ஏரியும் மதகும். நம் கல்வெட்டுகள் பலவற்றில் தானச் சேதி முடிந்ததும், இதைக் காத்தவன் பாதம் தன் தலைமேல் என்கிறான் கொடுத்தவன். இனிமேல் பிறக்கப்போகும், குலமும் பெயரும் தெரியாத ஒருவனின் காலடியில் அவன் தலை. அழித்தவனுக்கோ கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். இது வெறும் சம்பிரதாய வாசகம், எழுதுகிறவன் பழக்கத்தில் எழுதியது என்பார்கள். இருக்கட்டும். ஊரே மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டதுதானே சம்பிரதாயமாகும்? தவிர, சாபத்தை மட்டும் நம்பி அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. செய்யாற்றுப் படுகையிலேயே இருக்கிற உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் எடுக்கச் சொல்கின்றன. 360 நாள்தான் பொறுப்பு. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவன் நெருங்கிய உறவினர் பெயரையும் கூடாது. (இன்றைய தேர்தலுக்கு இந்த ஒரு விதி வந்தாலே போதும்.)

இதைவிடக் கனமான ஆட்சேபம் கர்மக் கொள்கையிலிருந்து வரும். அவரவர் வினை அவரவர்க்கு என்றால், என் புண்ணியம் எவனோ ஒருவன் பிற்காலத்தில் தூர் வாருவதைப் பொறுத்திருப்பது எப்படி நியாயம்? கல்வெட்டுச் சொல்லும் பதிலில் பிழை தெரியவில்லை. கொடுத்தவனின் வினை கொடுத்ததோடு முடிந்தது, பலனும் அவனுடையதே. ஆனால் தர்மம் என்பது அவன் வினை அல்ல. வயலுக்கு ஓடுகிற தண்ணீர். அது ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்பட வேண்டிய காரியம், செய்கிறவனும் ஆண்டுதோறும் புதியவன். கட்டியவன் பெருமை குறையவில்லை. அவன் முதல் ஆண்டுக்குரியவன், அவ்வளவுதான். மதகைத் திறந்துவைத்தவர் பெயரைப் பளிங்கில் வெட்டுகிற ஊராட்சிகள், பக்கத்தில் தூர் வாரியவர்கள் பெயருக்கும் இடம் விடட்டும்.