இடுப்பில் ஒரு சாட்சி

2024 ஏப்ரல் 19 அன்று நான்கு வயது மகளோடு ஓட்டுச் சாவடிக்குப் போனேன். நடந்து வந்தால் தடுப்பார்களோ என்று இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். தேர்தல் நடத்துவதற்கான 1961ஆம் வருஷத்து விதிகள் கைக்குழந்தையை உள்ளே விடுகின்றன. குழந்தைக்கு என்ன தெரியும் என்ற எண்ணமாயிருக்கலாம்.

ஆனால் சின்னங்கள் எழுத்தறியாதவர்களுக்காக வந்தவை. 1951-52 பொதுத்தேர்தலிலிருந்து படம் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறோம். என் மகளும் எழுத்தறியாதவள், படம் தெரிந்தவள்.

நான் இத்தனை நாள் பேசிவந்த பக்கம் என் விரல் போகவில்லை. காரணத்தை எழுதப்போவதில்லை, எழுதினால் நியாயம்போல் ஆகிவிடும். சீட்டு கண்ணாடிக்குள் ஏழு விநாடி நின்று விழுந்தது. அவள் பார்த்தாள்.

ரகசிய ஓட்டு பண்ணையாரிடமிருந்தும் ஜாதிக்காரர்களிடமிருந்தும் ஒருவனைக் காப்பதற்கு. என் சொல்லிடமிருந்தே அது என்னைக் காக்கும் என்பதை அன்றுதான் கண்டேன். அந்த அட்டை மறைப்பில் ஒரே ஓட்டை இவள்.

வெளியே வந்ததும் தனக்கும் மை வேண்டுமென்று அழுதாள். பேனாவால் வைத்துவிட்டேன். 'யாரிடமும் சொல்லாதே' என்று வாயெடுத்தேன். அது ஜனநாயக பாடமா, என் பொய்க்கு அவளைக் கூட்டுச் சேர்ப்பதா? இரண்டுக்கும் வாக்கியம் ஒன்றே. சொல்லவில்லை.

மாலையில் நண்பர்கள் வந்து அரசியல் பேசினார்கள். அவள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.