வெயில்: 0 ரூபாய்

பழைய சலவை இயந்திரம் தள்ளாடத் தொடங்கியதும், புதியது வாங்கும் பேச்சு வீட்டில் எழுந்தது. வழக்கம்போல நான் எக்செல் தாளைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

துவைத்து, உலர்த்தியும் தரும் இயந்திரங்களில் இரண்டு வகை உண்டு. சூடேற்றும் கம்பியால் உலர்த்துவது ஒன்று. ‘ஹீட் பம்ப்’ முறையில் உலர்த்துவது இன்னொன்று. ஃபிரிட்ஜும் ஏசியும் வேலை செய்கிற அதே தத்துவம்தான். ஈரக் காற்றிலிருந்து வெப்பத்தைத் திரும்ப எடுத்துத் துணிக்கே அனுப்புவதால், மின்சாரம் ஏறக்குறைய பாதிதான் ஆகும். விலை மட்டும், கடையில் சொன்னபடி, 40,000 ரூபாய் கூடுதல்.

ஐந்து கிலோ துணியைப் பிழிந்தெடுத்த பிறகும் அதில் சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். அதாவது யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் ஒரு தடவை உலர்த்த இரண்டு யூனிட்டைத் தாண்டிவிடும். ஹீட் பம்ப் அதில் ஒரு யூனிட்டை மிச்சம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டேன். வாரத்துக்கு நான்கு தடவை என்றால் வருஷத்துக்கு 200 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 1,600 ரூபாய். 40,000 திரும்பி வர 25 வருஷம். அதற்குள் இயந்திரம் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

கடைசி வரிசையில், உலர்த்தாத வெறும் வாஷிங் மெஷினும் மொட்டை மாடிக் கொடியும். உலர்த்தும் செலவுக்கு நேராக எழுதினேன்: வெயில், 0 ரூபாய். ஜெயித்தது அதுதான். பணமும் மிச்சம், பூமிக்கும் நல்லது. பெருமையாக மனைவியிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டாள்: “எல்லாம் சரிங்க. இதுல அத்தை எங்க இருக்காங்க?”

எங்களுடையது சென்னையில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய அடுக்ககம். இரண்டாம் தளத்திலிருந்து மொட்டை மாடிக்கு 38 படிகள். துணியும் தண்ணீருமாக ஏழரை கிலோ வாளியைத் தூக்கிக்கொண்டு போவது அம்மா. வயது 67, முட்டிவலி வேறு. மனைவி எட்டரைக்கே ஆபீஸ் கிளம்பிவிடுவாள். வாரத்தில் நான்கு நாள் நான் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். ஒரு நாளும் வாளியைத் தொட்டதில்லை.

சரி, அம்மாவின் உழைப்பையும் கணக்கில் சேர்ப்போம் என்று, அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலியோ அதைப் போட்டேன். கை கூசியது. பெற்றவளுக்குக் கூலியா? உடனே அழித்தேன். அழித்த பிறகுதான் உறைத்தது. காலியாக விட்ட கட்டத்தை எக்செல் பூஜ்ஜியமாகத்தான் எடுத்துக்கொண்டது. விலைமதிக்க முடியாதது என்று பக்தியோடு விட்டாலும், விலையே இல்லாதது என்று அலட்சியமாக விட்டாலும், கூட்டுத்தொகை ஒன்றுதான்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுச் சாதனங்கள் வந்தபோது ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த பங்கு குறைந்தது, சுத்தத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு கூடியது, மீதி வேலை இல்லத்தரசியிடமே வந்து சேர்ந்தது என்பது அவர் வாதம். எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். மெஷின் வருவதற்கு முன் இரண்டு நாள் போட்ட சட்டையை இப்போது ஒரே நாளில் கூடையில் போடுகிறேன். துவைப்பது மெஷின், காயப்போட்டு, எடுத்து, மடித்து வைப்பது அம்மா.

அம்மாவிடமே கேட்டேன். “மெஷினெல்லாம் எதுக்குடா? மாடிக்குப் போனாத்தான் நாலு பேரப் பாக்குறேன்” என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் சந்தேகித்திருக்க வேண்டும். மாடிக்குப் போவது பிடிக்கும் என்றாளே தவிர, வாளி தூக்குவது பிடிக்கும் என்று அவள் சொல்லவில்லை.

அந்த ஐப்பசி முழுக்க நானே தூக்குவது என்று முடிவெடுத்தேன். பாரம் பெரிய விஷயமில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. மீட்டிங் நடுவில் இருட்டிக்கொண்டு வரும், ஓடவேண்டும். எடுத்து வந்ததும் வெயில் அடிக்கும். நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் துணி தொங்கி, வீடே ஈர வாடை அடிக்கும். பகல் முழுக்க மனசில் ஒரு மூலை கொடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக அம்மாவின் பகல்கள் இப்படித்தான் போயிருக்கின்றன. அதற்கு என்ன கட்டம் போடுவது?

அப்படியானால் இயந்திரம் வாங்கு, அம்மாவுக்கு விடுதலை என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியவில்லை. யூனிட் 8 ரூபாய் என்று எழுதினேனே, அதில் எண்ணூர் இல்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சேர்ந்து, மீனும் இறாலும் பிடித்து வாழ்ந்தவர்களின் பிழைப்பைக் கெடுத்தது ஊரறிந்த கதை. அம்மாவின் முட்டியிலிருந்து இறக்கிய பாரத்தை முகம் தெரியாத ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

கடைசியில், கம்பியால் உலர்த்தும் விலை குறைந்த இயந்திரத்தையே வாங்கினோம், மழை நாட்களுக்கு மட்டும். வருஷத்துக்கு நாற்பது தடவை ஓடினால் அதிகம். அதில் ஹீட் பம்ப் மிச்சம் பிடிப்பது 40 யூனிட்; எண்ணூரை நினைத்துப் பார்த்தாலும் அதற்கு 40,000 ரூபாய் அதிகம்தான். மாடியோ பால்கனியோ இல்லாமல் தினமும் உலர்த்தியாக வேண்டிய வீட்டுக்கு விடை வேறாக இருக்கும். மற்ற மாதங்களில் வெயில்தான். வாளி என்னுடையது. நான் தூக்குவதை நிறுத்தும் நாளில் இந்த முடிவும் தப்பாகிவிடும்.

அந்தத் தாளில் இப்போது ஒரு புதிய பத்தி சேர்த்திருக்கிறேன். தலைப்பு: ‘யார்?’ பூஜ்ஜியம் எழுதும் இடத்திலெல்லாம் அதில் ஒரு பெயர் எழுதியாக வேண்டும். கணக்குப் போடுகிறவர் ஒரு மாதமாவது அந்தப் பெயருக்குரிய வேலையைச் செய்துபார்த்த பிறகு போட்டால் இன்னும் நல்லது.

அம்மா இப்போதும் மாடிக்கு வருகிறாள், கையை வீசிக்கொண்டு. பக்கத்து வீட்டம்மாவோடு பேசிக்கொண்டே என் கொடியைப் பார்த்து, “சட்டையத் தோள்லயாடா கிளிப் போடுவாங்க? தழும்பு விழும்” என்கிறாள்.