பழைய காரும் புதுப் பூச்சும்

பழைய மோட்டார் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்து ஜனங்கள் வந்து பார்க்கும்படி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊரில் பழைய கார் என்றால் கல்யாண ஊர்வலத்துக்கு வரும். இல்லாவிட்டால் பட்டறை வாசலில் வேப்பமரத்தடியில் கோழிகளுக்கு வீடாக இருக்கும். அதைப் பார்ப்பதற்கென்று யாராவது புறப்பட்டு வருவார்களா? ஆனால் போன வருஷம் சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவர் விடாப்பிடியாக என்னை இழுத்துக்கொண்டு போனார். போனவன் காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் வரையில் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஐம்பது அறுபது கார்கள் இருக்கும். மரக்கால் வைத்த சக்கரங்களுடன் ஒரு பழைய ஃபோர்டு. தீப்பெட்டிக்குச் சக்கரம் கட்டியது போல் ஓர் ஆஸ்டின் செவன். வாழைத்தண்டு பருமனுக்கு ஹாரனை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு செவர்லே. கப்பல் போல இரண்டு கார் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு ப்யூக். ஒரு தாத்தா பேரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எங்க அப்பா கல்யாணத்துக்கு இந்த மாதிரி வண்டிதாண்டா வந்துது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் ஹாரனை அமுக்குவதிலேயே குறியாக இருந்தான்.

அங்கே நின்றபோது ஒன்று தோன்றியது. அழகான பொருளைப் பார்த்து, அது நமக்கு வேண்டும் என்று நினைக்காமல் வெறுமே ரசிக்கக்கூடிய இடங்கள் நம் வாழ்க்கையில் மிகவும் குறைவு. புதுக் கார் விற்கிற கடையில் போய் நின்றால், கண் காரைப் பார்க்கும்போதே மனசு மாதத் தவணையைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. இங்கே அந்தக் கணக்கு ஓடவில்லை. அந்தக் கார்கள் எதுவும் என்னுடையதாகப் போவதில்லை என்பது முதலிலேயே தீர்ந்துபோன விஷயம். அதனால் பார்வைக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது.

வரிசையின் கடைசியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. இத்தாலியரான மிக்கெலொட்டி உருவம் வரைந்து, இங்கிலாந்தில் பிறந்து, 1961-ல் நம் சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி மூலம் இந்தியாவுக்கு வந்த கார் அது. அதன் விசேஷம், முன் மூடியும் இரண்டு பக்கத்து மட்கார்டும் ஒரே துண்டாகச் சேர்ந்து, முதலை வாயைப் பிளப்பது போல முன்பக்கமாகத் திறப்பது. இந்த ஹெரால்டும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றது. உள்ளே எஞ்சின் வெள்ளிப் பாத்திரம் போலப் பளபளத்தது. பக்கத்தில் ஒரு பலகை: காரின் வருஷம் 1964, எஞ்சின் எண், இதுவரை இருந்த மூன்று சொந்தக்காரர்களின் பெயர்கள், கடைசியில் பெரிய எழுத்தில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்.

நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு சொந்தக்காரர் அருகே வந்தார். நல்ல மனிதர். “இதில் பழைய ஆணி ஒன்றுகூடக் கிடையாது ஸார். நாலு வருஷ வேலை!” என்றார் பெருமையாக.

பழைய ஆணி ஒன்றுகூட இல்லாத கார் எப்படி ‘ஒரிஜினல்’ ஆகும் என்று கேட்க நாக்கு வரை வந்தது. ஒருவருடைய சந்தோஷத்தில் இலக்கணம் பார்க்கக்கூடாது என்று விட்டுவிட்டேன். பையிலிருந்து கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனேன். காருக்குப் பின்னால், கையில் மஞ்சள் துணியுடன் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். மெக்கானிக் என்று சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. “பெரியவரே, கொஞ்சம் அந்தப் பக்கம்...” என்று கையை ஆட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், பழக்கப்பட்டவர் போல, சரியாகப் படத்துக்கு வெளியே எவ்வளவு தூரமோ அவ்வளவு நகர்ந்து நின்றார்.

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ‘ஒரிஜினல்’ என்ற அந்தச் சொல்தான் உறுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் பாட்டி வீட்டில் ஓர் அரிவாள்மணை உண்டு. பலகை உளுத்து இரண்டு தடவை மாற்றியாயிற்று. அரிவாள் தேய்ந்து ஒரு தடவை மாற்றியாயிற்று. ஆனாலும் அது பாட்டியின் அரிவாள்மணைதான். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கிரேக்கர்களுக்கு மட்டும் இதில் சந்தேகம் வந்திருக்கிறது. தீஸியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பல தலைமுறைகளாகப் பலகை மாற்றி மாற்றிக் காப்பாற்றினார்கள். அது அதே கப்பல்தானா என்று தத்துவக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள் என்று புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார்.

தத்துவக்காரர்களின் வாதம் முடியாது. அவர்களுக்கு அவசரம் இல்லை. ஆனால் நடுவில் பணம் வந்துவிட்டால் கோர்ட்டார் ஒரு நாள் தீர்ப்புச் சொல்லித்தான் ஆகவேண்டும். 1990-ல் லண்டனில் அப்படி ஒரு வழக்கு நடந்தது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று ஒரு பென்ட்லி கார். பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-லும் 1930-லும் அடுத்தடுத்து ஜெயித்தது. பிறகு அதற்கு வேறு சட்டம் போட்டார்கள்; எட்டு லிட்டர் எஞ்சின் வைத்தார்கள். 1932-ல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் அது தடத்தை விட்டுப் பாய்ந்து, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். அதற்கப்புறம் மேல்கூடு வேறு ஆயிற்று. இப்படிப் பல ஜன்மம் எடுத்த காரை ஒருவர் ஒரு கோடி பவுனுக்கு விலை பேசினார். வாங்க ஒப்புக்கொண்டவர்களோ, ‘இது அந்தக் காரே அல்ல’ என்று பின்வாங்கினார்கள்.

ஆட்டன் என்ற நீதிபதி காரின் ஒவ்வோர் அங்கத்தையும் கணக்கெடுத்தார். 1929-ல் ஓடிய வண்டியில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. 1930-ல் ஓடியதிலிருந்து மிதிகட்டையின் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டியரிங் தண்டு, இவ்வளவுதான் மிச்சம். ஆனாலும் அவர் விற்றவர் பக்கம்தான் தீர்ப்பளித்தார். புதிய பாகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக, காலப்போக்கில் வந்து சேர்ந்தவை. எந்தக் கட்டத்திலும் அந்தக் கார் தன்னை இழக்கவில்லை. உலகத்தில் வேறு எந்த பென்ட்லியும் அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட முடியாது. விற்கப்பட்டது வெறும் உலோகம் அல்ல, அதன் சரித்திரமும் பெயரும் கூட. தீர்ப்பின் சாரம் இது. எங்கள் பாட்டி இருந்திருந்தால், “இதுக்கு ஒரு கோர்ட்டா?” என்று கேட்டிருப்பாள்.

நானும் நீதிபதியின் கட்சிதான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையின் இரும்புச் சக்கரங்களும் அச்சும் வந்தன. ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. வடம் பிடிக்கிற ஒருவராவது, இது அப்பர் காலத்துத் தேரா என்று கேட்டிருப்பாரா? வெள்ளைக்காரர்கள் நம் தேரை ‘டெம்பிள் கார்’ என்று பெயரிட்டு அழைத்தார்கள். அந்தக் காருக்கும் இந்தக் காருக்கும் விதி ஒன்றுதான் போலிருக்கிறது.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. புதுப்பூச்சுப் பூசுவதே பொய், கீறலும் துருவும்தான் உண்மை, பழசை அப்படியே விடவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடலோரம் பெபிள் பீச் என்ற ஊரில் 1950 முதல் கார் அழகுப் போட்டி நடந்துவருகிறது. இந்த வகையில் உலகத்திலேயே பெரிய பெயர் அதற்குத்தான். அங்கே நெடுங்காலமாக முதற் பரிசு வாங்கியவை, புல்தரையின் ஒவ்வோர் இதழும் தெரியும்படி பளபளவென்று புதுப்பிக்கப்பட்ட கார்கள். 2024-ல்தான் முதல் தடவையாக, புதுப்பிக்காமல் வயதோடு விடப்பட்ட ஒரு காருக்கு அந்தப் பரிசு போயிற்று. 1934-ல் செய்த புகாட்டி. பந்தயத்தில் ஓடிவிட்டு, பெல்ஜிய அரசர் மூன்றாம் லியோபோல்டின் கைக்குப் போனது.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் எனக்கு ஒரு விஷமமான சந்தேகம். ராஜா வீட்டுக் கீறலுக்குக் கிடைத்த மரியாதை, மாயவரம் டாக்டர் வீட்டுக் கீறலுக்குக் கிடைக்குமா? மேலும், கடற்காற்று அடிக்கும் நம் சென்னையில் ஒரு காரை அப்படியே விட்டால் பத்து வருஷத்தில் மண்ணாய்ப் போகும். துருவுக்கு உண்மை என்று பெயர் வைப்பது எளிது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, பூச்சு அடிக்கிற புதுப்பேட்டைத் தொழிலாளி பொய் சொல்லவில்லை. அவர் ஒரு பொருளைச் சாவிலிருந்து மீட்கிறார்.

மாயவரம் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். அதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும்.

என் தகப்பனார் அந்த டாக்டரிடம் இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்தார். அவர் ஓட்டிய கார் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, கிணற்றிலிருந்து இரண்டு வாளி இறைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவார். நான் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பின்னாலேயே போவேன். முன் மூடியை அவர் திறக்கும் அழகே தனி. இரண்டு பக்கத்துக் கொக்கிகளையும் விடுவித்து, ஒரு கையால் தாங்கி, தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் போடுவது போலச் சத்தமில்லாமல் சாய்ப்பார். ஆயுத பூஜையன்று அந்தக் காருக்குச் சந்தனம் வைக்கும் உரிமை அவருக்குத்தான். டாக்டர் அதை ‘என் கார்’ என்பார். அப்பா ‘நம்ம வண்டி’ என்பார். இருவருமே மற்றவர் சொன்னதைத் தவறென்று நினைத்ததில்லை.

1990-ல் டாக்டர் மாருதி வாங்கினார். ஹெரால்டை விற்ற அன்று அப்பா ஒரு சாவுக்காக வெளியூர் போயிருந்தார். மறுநாள் காலையில் வாளிகளோடு கொட்டகைக்குப் போனபோதுதான் அது காலியாக இருப்பது தெரிந்தது. திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா என்னவென்று கேட்டதற்கு, “வண்டி அவருது. விக்கிறதுக்கு நம்மகிட்ட எதுக்குக் கேக்கணும்?” என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. மாருதியையும் அப்பாதான் ஓட்டினார். ஆனால் அதை ஒரு நாளும் ‘நம்ம வண்டி’ என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ‘டாக்டர் கார்’ என்றே சொன்னார்.

டாக்டர் செய்தது தவறா? சட்டப்படி இல்லவே இல்லை. கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்றும் நான் சொல்லமாட்டேன். சொல்லவேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிராது. எனக்குப் புரியாதது வேறு. லண்டன் நீதிபதி சொன்னது சரியென்றால், ஒரு காரை அந்தக் காராக வைத்திருப்பது இரும்பு அல்ல, அறுபடாத அதன் சரித்திரம். சரி, அந்தச் சரித்திரம் தானாகவா அறுபடாமல் இருக்கும்? ஒரு பாகம் தேய்ந்தபோது அடுத்த பாகத்தை மாட்டிய கை எதுவோ, அது அல்லவா இரண்டையும் முடிச்சுப் போட்டது? சொந்தக்காரர் மாறினால்கூடக் கார் அதே காராக இருக்கும். பராமரிக்கிற கை ஓய்ந்துவிட்டால், சொந்தக்காரர் பெயர் பத்திரத்தில் பத்திரமாக இருந்தாலும், கார் வேப்பமரத்தடிக்குப் போய்விடும். அப்படியிருக்க, பலகையில் மூன்று சொந்தக்காரர்களின் பெயர் மட்டும் இருப்பானேன்? தேரிலும் சுவாமியைத்தான் பார்க்கிறோம், வாஸ்தவம். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தேரைப் பார்க்க முடியுமா?

டாக்டர் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. புது ஹெரால்டின் முன்னால் டாக்டரும் அவர் சம்சாரமும் குழந்தைகளும். அதை எடுத்தபோது அப்பாவை எங்கே நிற்கச் சொல்லியிருப்பார்கள் என்று நான் சிறு வயதில் பல தடவை யோசித்ததுண்டு. அவ்வளவு யோசித்தவன்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, “பெரியவரே, கொஞ்சம் அந்தப் பக்கம்” என்று கையை ஆட்டினேன்.

இது எனக்கு உறைத்தபோது மணி பன்னிரண்டு. நண்பர் சாப்பிடக் கூப்பிட்டார். சற்று இருக்கச் சொல்லிவிட்டு ஹெரால்டிடம் திரும்பிப் போனேன். சொந்தக்காரர் இல்லை. பெரியவர் காரின் நிழலில் குந்தி உட்கார்ந்து, துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். நாலு வருஷ வேலையும் அவருடையதா என்று கேட்டேன்.

“பெயிண்ட் வேற ஆளு சார். மத்ததெல்லாம் நான்தான்.”

“பழைய ஆணி ஒன்றுகூட இல்லை என்று உங்கள் முதலாளி சொன்னாரே?”

அவர் சிரித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்து, இடது பக்கத்துச் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த கொக்கியைக் காட்டினார். முன் மூடியைப் பிடிக்கிற கொக்கி. வலது பக்கத்துக் கொக்கி கண்ணாடி போல இருந்தது. இது மட்டும் கொஞ்சம் மங்கல். விரல் படுகிற இடத்தில் மட்டும் பூச்சுப் போய் உள்ளே பித்தளை நிறம் தெரிந்தது.

“புதுசு வாங்கித்தான் குடுத்தாரு. கழட்ட மனசு வரல. எவனோ ஒருத்தன் இவ்வளவு தேயத் தேயத் தொறந்திருக்கான் பாருங்க.”

அது எந்த ஊர்க் காராக இருந்தது என்று அவரிடம் கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பலகையில் எழுதியிருந்த மூன்று பெயர்களில் எங்கள் டாக்டர் பெயர் இல்லை. அதனால் கேட்கவில்லை.

“உங்களை இந்தக் காரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்றேன்.

“ஐயையோ, வேணாம் சார். சட்டை அழுக்கா இருக்கு” என்றார் அவர். பிறகு, ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கவேண்டும், சாயங்காலம் ஊர்வலம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிப் பக்கம் போனார்.