பெற்றவள் நோயுற்றால் பிள்ளையை அணைப்பது யார்?

பிள்ளை பெற்ற சில நாட்களில் ஒரு தாய் உறக்கமிழந்து, பிதற்றி, பெற்ற பிள்ளையையே அஞ்சுவாளாயின், ‘ஜின் தீண்டிவிட்டது’ என்று நாம் கதவைச் சாத்தி விடுகின்றோம். ஆயிரம் தாய்மாரில் ஓரிருவருக்கு வரும் நோய் இது, மருத்துவத்தால் குணமாவது.

குழந்தையின் பெயரால் தாய்க்குத் துன்பம் நேரலாகாது என்பது திருமறையின் (2:233) கட்டளை. நோயை மறைப்பதும் அத்துன்பமேயாகும். தாயின் கடும் மனநோய் கவனிப்பாரின்றி நீடித்தால், பிள்ளை வாலிபமடைந்த பின்னும் அதன் உள்ளத்தில் வாட்டம் தோன்றக்கூடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வாறு நேர்வதில்லை. பேசிச் சிரித்து அணைக்கும் மடியொன்று பெருந்துணையாகும். நம் நாயகம் (ஸல்) அவர்களும் ஹலீமா (ரலி) அவர்களின் மடியில் வளர்ந்தவர்களன்றோ!

வாப்பாமார்களே! ஓதிப் பாருங்கள், அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். ‘உன்னால்தான் உம்மாவுக்கு நோய்’ என்று பிள்ளையிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். அல்லாஹ் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.